அக்கா இருக்கத் தம்பிக்கு ஏன் முடி?

கேள்வி: நாங்கள் ஒஸ்லோவில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பள்ளியில் ஒரு விவாதம். ‘1990ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் இளவரசி மார்த்தா லூயிஸுக்கு அநீதி நடந்ததா?’ என்பது தலைப்பு. அவர் நோர்வே மன்னர் ஹரால்டின் மூத்த பிள்ளை, ஆனால் முடிக்கு வாரிசு தம்பி ஹோகோன். மகள் ‘ஆம்’ அணியில் இருக்கிறாள். பக்கத்து நாடான சுவீடனில் வாரிசுப் பதவியைத் தம்பியிடமிருந்து வாங்கி அக்காவுக்குக் கொடுத்தார்களே, இங்கே மட்டும் ஏன் தம்பிக்கே விட்டார்கள் என்று கேட்கிறாள். அவளுடைய அப்பாவோ, பிள்ளை பிறந்த பிறகு சட்டத்தை மாற்றி அதன் உரிமையைப் பறிப்பதுதான் அநீதி என்கிறார். சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி? இன்னொரு சந்தேகம்: பட்டத்தை விட்டு, சொந்தத் தொழில் செய்து, மறுமணமும் செய்த பிறகும் அந்த இளவரசி வாரிசு வரிசையில் இருக்கிறாரா? அவருடைய மகள்மாரில் யாரும் அரசியாக முடியுமா?
— ஒரு தாய், ஒஸ்லோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பல வருடங்கள் அரசியலமைப்புச் சட்டம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மேசையில் நடப்பது நல்ல வழக்கு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் ஓட்டையும் இருக்கிறது. மகளின் பக்கத்து ஓட்டையை முதலில் அடைத்துவிடுவோம்.

மார்த்தா லூயிஸிடம் இருந்ததைத் தம்பி வந்து தட்டிப் பறித்தார் என்று மகள் மேடையில் சொல்லிவிடக் கூடாது. 1971 செப்டம்பர் 22 அன்று அவர் பிறந்தபோது வாரிசு வரிசையில் அவருக்கு இடமே கிடையாது, கடைசி இடம்கூட. நோர்வேயில் அப்போது ஆண் வாரிசு மட்டும்தான். ஒருவேளை ஹோகோன் என்ற தம்பி 1973இல் பிறக்காமலே போயிருந்தாலும், பழைய சட்டப்படி இவர் அரசியாகியிருக்க முடியாது.

அப்படியானால் அந்த இரண்டு வருடமும் வரிசையில் யார் இருந்தார்கள்? மன்னர் ஐந்தாம் ஓலாவுக்கு அடுத்து மகன் ஹரால்ட் மட்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஓலாவுக்கு ராக்ன்ஹில்ட், ஆஸ்ட்ரிட் என்று இரண்டு மூத்த மகள்மார் இருந்தார்கள். 1954இல் தாய் இறந்த பிறகு, அரண்மனை விருந்துகளில் அரசியின் இடத்தில் நின்று பல வருடம் விருந்தினரை வரவேற்றவர் ஆஸ்ட்ரிட். வேலைக்கு அவர் வேண்டும், வரிசையில் மட்டும் அவர் இல்லை. இந்த லட்சணத்தில், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணான சோன்யாவைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஹரால்ட் ஒற்றைக் காலில் நின்றார். ஒன்பது வருட இழுபறிக்குப் பிறகு 1968இல்தான் கல்யாணம். அவர் பிரம்மச்சாரியாகவே இருந்திருந்தால், இரண்டு இளவரசிகள் உயிரோடு இருக்கும்போதே அந்த அரச வம்சம் வாரிசில்லாமல் முடிந்திருக்கும். மகள் தன் பேச்சை இங்கிருந்து தொடங்கலாம். பெண்ணை விலக்கும் சட்டம் பெண்ணுக்கு மட்டும் தீங்கானது அல்ல, தான் காக்க வந்த முடியாட்சியையே அது ஒரே ஒரு மனிதனின் பிடிவாதத்தில் தொங்கவிட்டது.

இனி 1990. அந்த வருடம் மே 29 அன்று நோர்வே நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 6ஆவது பிரிவைத் திருத்தியது. மகளை அந்தப் பிரிவை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள், குறிப்பாகக் கடைசியில் வருகிற இடைக்கால ஏற்பாட்டை. எல்லோரும் மேலோட்டமாகத் தாண்டிப் போகிற இடம் அதுதான். பொதுவிதி நேரானது: ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே முடி. அதற்கு அடியில் இரண்டு வருடங்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 1971க்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய, அதாவது 1905ஆம் ஆண்டு, விதியே தொடரும். 1990க்கு முன் பிறந்தவர்களில் ஆணுக்கே முன்னுரிமை.

சட்டப் புத்தகத்தில் இவை வெறும் எண்கள். அரண்மனையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகம் உண்டு. 1971 என்பது மார்த்தா லூயிஸ் பிறந்த வருடம். அந்தக் கோட்டுக்கு அப்பால் அத்தைமார் இருவரும் வெளியே நிற்கிறார்கள், இப்பால் இவர் உள்ளே வந்துவிடுகிறார். அடுத்த கோடு 1990இல் விழுந்ததால் தம்பிக்குப் பின்னால் போய் நிற்கிறார். இரண்டு வருடங்களை எழுதி ஒரே குடும்பத்தில் நான்கு பேருடைய இடத்தைத் தீர்மானித்துவிட்டார்கள். யாருடைய பெயரையும் எழுதாமல் இன்னாருக்கு இன்ன இடம் என்று சொல்வதில் சட்டம் வரைபவர்கள் கெட்டிக்காரர்கள்.

உங்கள் கணவருக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பிறந்த பிறகு சட்டத்தை மாற்றக் கூடாது என்றால், 18 வயதான ஒரு பெண்ணுக்கு 1990இல் வரிசையில் இடம் கொடுத்ததே தவறாகிவிடும். பிறக்கும்போது அவரிடம் இல்லாத ஒன்றை முன்தேதியிட்டுத்தானே கொடுத்தார்கள்? ஆக, சட்டம் பின்னோக்கிப் போகாது என்ற பேச்சு நோர்வேக்குப் பொருந்தாது. அது 19 வருடம் பின்னோக்கிப் போனது. தம்பி நின்ற இடம் வந்ததும் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ‘கொடுப்பது வேறு, எடுப்பது வேறு. ஹோகோனுக்குப் பின்னால் யாருமே இல்லாததால் அக்காவைச் சேர்த்ததில் ஒருவருக்கும் நட்டமில்லை’ என்பார். நல்ல வாதம். எதிரணியில் புத்திசாலிப் பிள்ளை ஒன்று இருந்தால் அங்கேயும் இது வரும். எனவே சுவீடனுக்குப் போவோம், எடுத்துக் கொடுத்தது அங்கேதான்.

சுவீடனின் கதை நோர்வேயைவிட விசித்திரமானது. ஆறு வயது நிரம்பும் முன்பே 1632இல் கிறிஸ்தீனாவை அரசியாக ஏற்ற நாடு அது. அவருடைய முடிசூட்டு விழாவுக்குச் செய்த வெள்ளி அரியணை ஸ்டாக்ஹோம் அரண்மனையில் இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாடு 1810இல், பிரெஞ்சுத் தளபதி பெர்னடாட்டைத் தன் மன்னரின் வாரிசாகத் தேர்ந்தெடுத்தபோது, ஆண் வழிக்கு மட்டும் என்று வாரிசுச் சட்டத்தை எழுதிவைத்தது. அதன் விலை 1947இல் தெரிந்தது. ஜனவரி 26 அன்று கோபன்ஹேகன் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் இளவரசர் குஸ்தாவ் அடோல்ஃப் இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள், முதல் நால்வரும் பெண்கள். கடைசியாகப் பிறந்த ஒன்பது மாதக் குழந்தை கார்ல் குஸ்தாவ்தான் வாரிசு.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சித்தப்பா பெர்டில்தான் அடுத்த ஆள். அவருடைய அண்ணன் ஒருவரும் தம்பி ஒருவரும் அரச குடும்பம் அல்லாத பெண்களை மணந்து வாரிசுரிமையை இழந்திருந்தார்கள். பெர்டில் காதலித்ததும் அப்படி ஒருவரைத்தான், வேல்ஸில் பிறந்து விவாகரத்தான லிலியன். மணந்தால் உரிமை போகும், உரிமை போனால் குழந்தைக்குத் துணை இல்லை. இருவரும் 30 வருடத்துக்கு மேல் கல்யாணம் செய்யாமலே காத்திருந்தார்கள். 1976இல், அதற்குள் மன்னராகிவிட்ட கார்ல் குஸ்தாவ் சில்வியாவை மணந்த பிறகு, அதே வருடம் டிசம்பரில் பெர்டில் தன் 64ஆவது வயதில் லிலியனைக் கைப்பிடித்தார். இத்தனையும் நடக்கும்போது ஆரோக்கியமான நான்கு இளவரசிகள் கண் முன்னால்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை வாரிசாக வைத்துக்கொண்டிருந்தால் பாவம் பெர்டில் இளமையிலேயே குடும்பம் நடத்தியிருப்பார்.

1977 ஜூலை 14 அன்று மன்னர் கார்ல் குஸ்தாவின் முதல் பிள்ளை விக்டோரியா பிறந்தார். சுவீடனில் அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றம் இரண்டு முறை ஒரே முடிவை எடுக்க வேண்டும், இடையில் பொதுத்தேர்தல் ஒன்று நடந்திருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கே முடி என்ற மசோதா 1977–78 கூட்டத்தொடரிலேயே வந்துவிட்டது. 1979 செப்டம்பரில் தேர்தல், 1980 ஜனவரி 1 முதல் சட்டம் அமல். நடுவில், 1979 மே 13 அன்று தம்பி கார்ல் பிலிப் பிறந்தார். பழைய சட்டம் நடப்பில் இருந்ததால் பிறந்த நிமிடமே பட்டத்து இளவரசர். புத்தாண்டு விடிந்தபோது அந்தப் பதவி இரண்டரை வயது அக்காவுக்குப் போய்விட்டது. தம்பிக்கு அப்போது ஏழு மாதம். பல் முளைக்கும் பருவத்தில் பதவி போயிற்று, அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

தெரிந்தவர் தகப்பன்தான். மன்னர் அன்றே இதை விரும்பவில்லை, அதை மறைக்கவும் இல்லை. 2023 ஜனவரியில் சுவீடன் தொலைக்காட்சியின் ஆவணத் தொடர் ஒன்றிலும், முன்தேதியிட்டுச் சட்டத்தை மாற்றியது சரியில்லை என்ற தொனியில் பேசினார். 45 வயதான மகள் தன் பதவிக்குரிய கடமைகளைப் பல வருடமாகச் செய்துவருகிறார், அப்பாவோ தம்பியிடமிருந்து போனதைப் பற்றிப் பேசுகிறார் என்று நாட்டில் பெரிய சலசலப்பு. பிறகு, விக்டோரியாவைத் தன் வாரிசாகப் பெற்றதில் பெருமை என்று மன்னர் விளக்கம் தர வேண்டி வந்தது. உங்கள் கணவர் சொல்வதும் இந்த மன்னர் சொன்னதும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆனால் நான் அவர் கட்சி இல்லை. மசோதா முதலில் வந்தது, பிள்ளை பிறகு வந்தது. ஓட்டப்பந்தயத்தின் நடுவில் யாரும் விதியை மாற்றவில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. மன்னர் உயிரோடு இருக்கும்வரை வாரிசிடம் இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டை உயிலில் மூத்தவனுக்கு எழுதிவைத்திருந்தாலும், கண்ணை மூடும்வரை அந்த உயிலை அவர் மாற்றலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இங்கே மாற்றும் அதிகாரம் தகப்பனிடம் இல்லை, நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1975இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பில், பிரதமரை நியமிப்பது உட்பட எல்லா அரசியல் அதிகாரத்தையும் சுவீடன் மன்னரிடமிருந்தே எடுத்துவிட்டது. நடப்பு மன்னரின் அதிகாரத்தையே எடுக்க முடிகிற சபைக்குக் குழந்தையின் இடத்தை மாற்ற முடியாதா?

அப்படியென்றால் நோர்வே ஏன் அதைச் செய்யவில்லை? கொள்கை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, வயதுதான் காரணம். 1990 மே மாதத்தில் ஹோகோனுக்கு 16 வயது முடிந்து 17 நெருங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு நீதான் மன்னர் என்று சொல்லி வளர்த்த பையன். அவனை இறக்கிவிட்டு, அந்த எண்ணமே இல்லாமல் வளர்ந்த 18 வயது அக்காவை ஏற்றுவது இரண்டு பேருக்கும் சிரமம். இது இரக்கம், நடைமுறை அறிவும்கூட. ஆனால் இரக்கத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்று மகள் கேட்கலாம். பத்து வருடம் முன்பே, ஹோகோன் சின்னப் பையனாக இருந்தபோதே, சுவீடனைப் பார்த்து நோர்வேயும் திருத்தியிருக்கலாம். தாமதித்தது நாடாளுமன்றம், தாமதத்தையே பிறகு காரணமாகக் காட்டியதும் அதுதான். என் தீர்ப்பைக் கேட்டால், 1990இல் எழுதிய வாக்கியத்தைவிட அதற்கு முந்தைய பத்து வருட மௌனம்தான் பெரிய அநீதி.

வயதும் கடைசி வார்த்தை அல்ல என்பதற்கு டென்மார்க் சாட்சி. ஒன்பதாம் ஃபிரெடெரிக் மன்னருக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. 1947 முதல் தம்பி க்னுட்தான் அவருடைய வாரிசு. 1953இல் மக்கள் வாக்கெடுப்போடு சட்டத்தை மாற்றி, மகன் இல்லாவிட்டால் மகளுக்கு முடி என்றார்கள். மூத்த மகள், 13 வயது மார்கிரேத வாரிசானார், அரியணைக்கு அடுத்த இடத்தில் ஆறு வருடம் இருந்த 52 வயது க்னுட் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஏழு மாதக் குழந்தை எதையோ இழந்ததாக வருந்துகிறவர்கள் இந்தப் பெரிய மனிதரை ஏனோ நினைப்பதே இல்லை. மார்கிரேத 1972இல் அரசியாகி 2024 ஜனவரி 14 அன்று தானாகப் பதவி விலகும்வரை 52 வருடம் ஆண்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆண்ட காலத்தின் பெரும்பகுதியில் டென்மார்க்கில் மகனுக்கே முன்னுரிமை இருந்தது. 2009இல்தான் இன்னொரு மக்கள் வாக்கெடுப்பில் அது போனது.

மற்ற நாடுகளைப் பற்றி மகள் ஒரு வரி சொன்னால் போதும். பிரித்தானியாவும் நோர்வேயைப் போலத்தான், 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் புது விதி என்றது. அதனால் இளவரசி ஆன் இன்னும் தன் தம்பிமாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பின்னால். 2015இல் பிறந்த சார்லட்டோ 2018இல் தம்பி லூயி பிறந்தபோது தன் இடத்திலேயே இருந்தார். ஸ்பெயினில் அரசியலமைப்பு இன்னும் ஆணுக்கே முன்னுரிமை தருகிறது, லியோனோருக்குத் தம்பி இல்லாததால் பிரச்சினை எழவில்லை. மொனாக்கோவில் 2014இல் இரட்டையர் பிறந்தார்கள். கப்ரியேலா இரண்டு நிமிடம் மூத்தவர், வாரிசு ஜாக். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், வகுப்பே சிரிக்கும்.

அப்புறம் உங்கள் சொந்தச் சந்தேகம். ஆம், மார்த்தா லூயிஸ் வரிசையில் இருக்கிறார். மன்னர் ஹரால்டுக்குப் பின் ஹோகோன், அவருடைய பிள்ளைகள் இங்ரிட் அலெக்சாண்ட்ரா, ஸ்வெர்ரே மாக்னுஸ், நான்காவதாக இவர். பலர் குழம்புவது இங்கேதான். 2002இல் அவர் விட்டது ‘மேன்மை தங்கிய’ என்ற மரியாதை அடைமொழியை. சொந்தமாகத் தொழில் செய்து வருமான வரி கட்டவேண்டும் என்பதற்காக விட்டார். 2022 நவம்பரில் விட்டது அரச குடும்பத்தின் சார்பில் செய்துவந்த அதிகாரப்பூர்வப் பணிகளை. இளவரசி என்ற பட்டம் மன்னரின் முடிவுப்படி அவரிடமே இருக்கிறது. இவை மூன்றும் அரண்மனைக்குள் தீர்கிற விஷயங்கள். வாரிசுரிமை அரசியலமைப்பில் இருப்பதால் அரண்மனை அறிக்கை அதைத் தொடாது.

அதைத் தொடக்கூடியது திருமணம். மன்னரின் சம்மதம் இல்லாமல் மணந்தால் வாரிசுரிமை போய்விடும், சந்ததிக்கும் சேர்த்து. 2002இல் த்ரொண்ட்ஹைமில் ஆரி பேனை மணந்தபோதும், 2024 ஆகஸ்ட் 31 அன்று கெய்ராங்கரில் டியூரெக் வெர்ரெட்டை மணந்தபோதும் மன்னர் தடை சொல்லவில்லை. இளவரசியின் தேவதைகள் பற்றிய பேச்சும் கணவரின் வைத்திய நம்பிக்கைகளும் பத்திரிகைகளில் எவ்வளவு அடிபட்டாலும், 6ஆவது பிரிவுக்கு அவற்றோடு சம்பந்தமில்லை. முடி சூடுபவர் லூத்தரன் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனி.

மகள்மார் மூவர்: மௌட் அஞ்செலிக்கா, லியா இசடோரா, எம்மா டலூலா. முதல் திருமணத்தில் பிறந்தவர்கள், அம்மாவுக்குப் பின்னால் ஐந்து, ஆறு, ஏழு. இளவரசி என்ற பட்டம் இல்லை, வரிசையில் இடம் உண்டு. சட்டப்படி அரசியாக முடியுமா என்றால் முடியும். நடக்குமா என்றால், ஹோகோனின் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்கப் பிறக்க இவர்கள் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகள் காலத்தில் ஒஸ்லோ அரண்மனை மாடத்தில் மே 17 அன்று அரசியாக நின்று கையசைக்கப் போகிறவர் 2004இல் பிறந்த இங்ரிட் அலெக்சாண்ட்ராதான். அவருக்கும் தம்பி உண்டு, ஆனால் யாரும் அங்கே வயது கேட்க வேண்டியதில்லை.

விவாதத்துக்கு ஒரு யோசனை. தொடக்கத்திலேயே சுவீடனை இழுக்க வேண்டாம், எதிரணி ஏழு மாதக் குழந்தையின் படத்தைக் காட்டி அனுதாபம் வாங்கிவிடும். இடைக்கால ஏற்பாட்டை நோர்வே மொழியிலேயே உரக்க வாசித்து, 1971 என்ற வருடம் யாருக்காக எழுதப்பட்டது என்று எதிரணியிடம் கேட்கட்டும். பதில் சொல்ல அவர்கள் திணறும்போது பத்து வருடத் தாமதத்தைச் சொல்லலாம். பிறந்த பின் பறிக்கலாமா என்ற கேள்வி எப்படியும் வரும், அப்போது க்னுட்டை எடுக்கட்டும். முதல் நாள் இரவு அப்பாவையே எதிரணியாக உட்கார வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.